கை படாமல் ஒரு மணியை ஒலியால் நகர்த்துவது எப்படி?

ஒரு தெர்மாகோல் மணி என் மேசைமேல் அந்தரத்தில் நின்றதை முதன்முதலில் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. நீங்களும் செய்யலாம், பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

தூரம் அளக்கும் எச்.சி.எஸ்.ஆர்.04 மீயொலி சென்சார் இரண்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் 'டி' (T) எனக் குறித்த டிரான்ஸ்டியூசரை, அதாவது மின்சிக்னலை ஒலியாக்கும் சிறு உருளையை, சால்டரிங் அயர்னால் சூடாக்கிக் கழற்றுங்கள். அப்புறம் நிரல் எழுதி இயக்கும் சிறு பலகையான ஆர்டுயினோ நானோ ஒன்று, அதன் சிக்னலைப் பெருக்கித் தர ஒரு எல்298என் மோட்டார் டிரைவர், 12 வோல்ட் அடாப்டர்.

டிரான்ஸ்டியூசர் வேலை செய்வது 40 கிலோஹெர்ட்ஸில். அதாவது 12.5 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை சிக்னல் மாற வேண்டும். டிலே கட்டளைக்கு அரை மைக்ரோவினாடி தெரியாது, அதனால் ஆர்டுயினோவுக்குள் இருக்கும் டைமரைப் பயன்படுத்துங்கள்: 16 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுயினோவில் அது 200 எண்ணினால் 12.5 மைக்ரோவினாடி. டிரைவரின் இரண்டு பக்கத்துக்கும் ஆளுக்கொரு டிரான்ஸ்டியூசர்.

இனிதான் முக்கியமான வேலை. இரண்டையும் மேலும் கீழுமாக, முகம் பார்த்தபடி, சுமார் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்துங்கள். 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர், அலைநீளம் 8.6 மில்லிமீட்டர். எதிரெதிர் அலைகள் சேர்ந்து, நகராமல் ஒரே இடத்தில் அதிரும் நிலை அலையாகும்போது, 4.3 மில்லிமீட்டருக்கு ஒன்றாக அழுத்தம் மாறாத இடங்கள் உருவாகும். மணி உட்காருவது அங்கேதான். இடைவெளி கொஞ்சம் பிசகினாலும் பிடி தளர்ந்துவிடும். நான் கீழ் டிரான்ஸ்டியூசரை ஒரு திருகில் பொருத்தி, கால் சுற்று, கால் சுற்றாக ஏற்றித்தான் சரியான இடத்தைக் கண்டுபிடித்தேன். மின்விசிறியை அணைத்துவிடுங்கள்.

மணி 2 மில்லிமீட்டர் இருந்தால் போதும். சாமணத்தில் பிடித்தால் மணி அதிலேயே ஒட்டிக்கொள்ளும், உலோகம் அலையையும் கலைக்கும். மெல்லிய வலைத்துணியில் வைத்து உள்ளே கொண்டுபோங்கள்; ஒலி துணி வழியே போய்விடும். மணி எழும்பியதும் துணியை மெதுவாகக் கீழே இறக்கி உருவுங்கள்.

நின்றுவிட்டதா? சரி, நகர்த்தலாம். மேல் டிரான்ஸ்டியூசரின் கட்டத்தை (அலை தொடங்கும் நேரத்தை) மட்டும் நிரலில் சிறிது சிறிதாகத் தள்ளுங்கள். அலையின் ஒரு முழுச் சுற்று அளவு தள்ளினால் மணி 4.3 மில்லிமீட்டர் நகரும். அதை 16 படியாகப் பிரித்தால் படிக்குக் கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். திசையை மாற்றித் தள்ளினால் எதிர்ப்பக்கம் போகும். இரண்டு படிக்கு இடையே கொஞ்சம் நிறுத்துங்கள். அவசரப்பட்டால் மணி ஆடி விழுந்துவிடும்.

2017இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட, இதேபோல ஒலியால் மிதக்கவிடும் டைனிலெவ் கருவியில் 72 டிரான்ஸ்டியூசர்கள். அதில் நீர்த்துளியும் மிதக்கும். நான் அடுத்து சேர்த்துக்கொண்டிருப்பது அதற்கான உதிரிகளைத்தான்.