புகையிலைக்குக் கணக்கு எழுதும் முறை

எட்டு வருஷம் புகையிலை போட்டவன் நான். இலை விற்ற அன்றைக்குப் பணம் மொத்தமாகக் கைக்கு வரும். அதைப் பார்த்தே லாபம் என்று நம்பியிருந்தேன். ஒன்பதாவது வருஷம் என் மனைவி ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தாள். அந்த முறைதான் இது.

நாற்றங்காலில் விதை தூவும் அன்றைக்கே தொடங்குங்கள். அறுவடைக்குப் பிறகு யோசித்து எழுதினால் பாதி விட்டுப்போகும்.

அதிகம் விட்டுப்போவது வீட்டு ஆள் கணக்குதான். இலை அடியிலிருந்து மேலே ஒவ்வொரு அடுக்காகப் பழுக்கிறது; ஒரே செடிக்குப் பல தடவை போக வேண்டும். பூங்கொழுந்தைக் கிள்ளினால் பக்கச் சிம்பு வெடிக்கும், அதையும் ஒடிக்க வேண்டும். சூடேற்றிப் பதப்படுத்துகிறவர்கள் ஒரு வாரம்போல ராத்திரியும் அடுப்பைப் பார்த்தாக வேண்டும். இதையெல்லாம் யார் செய்தது, எத்தனை நாள் என்று தேதி போட்டு எழுதி, வெளியாளுக்குத் தரும் கூலியையே போடுங்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகாத நாளையும் குறியுங்கள். எங்கள் நோட்டில் அந்தப் பக்கத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

விறகை வண்டிக் கணக்கில் எழுதுங்கள். சொந்த வேலி மரம்தானே என்று விடாதீர்கள். வெட்டியதை விற்றிருந்தால் என்ன கிடைக்கும் என்று போடுங்கள். புகையிலைக்காக உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் ஹெக்டேர் காடு அழிவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் வேலியும் அதில் சேர்த்திதான்.

இலை வாங்குகிறவர்கள் கடனுக்குக் கொடுத்த உரம், மருந்துக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்பதை விற்பனைச் சீட்டைப் பார்த்து எழுதுங்கள். பக்கத்திலேயே வெளிக்கடை விலை. எங்களிடம் இலை வாங்கியவர்கள் தரம் பிரிக்கும்போது நாங்கள் வாய் திறக்க முடியாது, அது வேறு கதை.

உடம்புக்குத் தனிப் பக்கம். பனியில் நனைந்த இலையைத் தொட்டால் நிகோடின் தோல் வழியாக ஏறும்: தலைசுற்றல், வாந்தி. பித்தம் என்று நினைத்து வெந்நீர் குடித்துப் படுத்த நாட்கள் எனக்கு நிறைய. பனி காய்ந்த பிறகு இறங்குங்கள். கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள். படுத்த நாளையும் வைத்தியச் செலவையும் எழுதுங்கள்.

மண் கணக்கு அடுத்த பயிரில்தான் தெரியும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றையும் பல பயிர்களைவிட வேகமாக உறிஞ்சும் பயிர் இது. வேர்முடிச்சு நூற்புழு இருந்தால் நிலத்திலேயே தங்கும். அதனால் அடுத்து தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்காதீர்கள். எல்லாம் புகையிலைக் குடும்பம், அதே புழு வரும். நான் கத்தரி வைத்துப் பட்டேன்.

வரவில் ரொக்கச் செலவு, கடன், விறகு, வைத்தியம் எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சத்தை வீட்டார் உழைத்த நாட்களால் வகுங்கள். அதுதான் உங்கள் தினக்கூலி. எங்களுக்கு வந்தது, நாங்கள் வெளியாளுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

புகையிலையை விட்டு வேறு பயிருக்கு மாறுவதாக இருந்தால் கடன் தீர்ந்த பருவத்தில், கால்வாசி நிலத்தில் தொடங்குங்கள். வாங்குகிறவர் யார் என்று முதலில் விசாரியுங்கள். கென்யாவின் மிகோரியில் புகையிலை விவசாயிகளைப் பீன்ஸுக்கு மாற்றியபோது, விளைச்சலை வாங்கவும் ஏற்பாடு செய்திருந்தார்கள். புதுப் பயிருக்கும் இதே நோட்டு, இதே கூலிக் கணக்கு. அதற்கென்று தனிச் சலுகை வேண்டாம்.