பெரிய வழக்குகளில் ஜாமீன்: ஜூனியர்கள் கோட்டை விடும் இடங்கள்

கிரைம் நம்பரைத் தப்பாகப் போடுவது, வக்காலத்தில் சிறை அதிகாரியின் சான்றொப்பம் வாங்க மறப்பது போன்றவற்றை இங்கே பேசப் போவதில்லை. செக்‌ஷனில் (நீதிமன்ற அலுவலகத்தில்) குறை சொல்லித் திருப்பினால் மறுநாள் சரிசெய்துவிடலாம். கொலை, போக்சோ, கஞ்சா வழக்குகளில் ஆளை மாதக்கணக்கில் உள்ளேயே வைத்துவிடும் தவறுகள் வேறு.

ஜாமீன் மனுவிலேயே டிரையலை நடத்துவது

"மனுதாரர் நிரபராதி, பொய்யாகச் சேர்க்கப்பட்டவர்" என்று நான்கு பக்கம் எழுதுவார்கள். நீதிபதி அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு நேராக பி.பி.யிடம் (அரசு வழக்கறிஞர்) கேட்பார்: இவருடைய ரோல் என்ன, முன்வழக்கு உண்டா, விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறது? முகாந்திரம், தண்டனையின் கடுமை, தலைமறைவாகும் வாய்ப்பு, சாட்சிகளை மிரட்டும் அபாயம், மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு என உச்ச நீதிமன்றம் 2010-இல் பட்டியலிட்ட அம்சங்களைச் சுற்றித்தான் உத்தரவு அமையும். சாட்சிகளின் முரண்களை இந்தக் கட்டத்தில் யாரும் எடைபோட மாட்டார்கள்.

வெட்டியதாகச் சொல்லப்படுபவர் முதல் எதிரியா (எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்), உங்கள் ஆள் மூன்றாம் எதிரியாகக் கூட நின்றவர்தானா? ஆயுதம் கைப்பற்றியாகிவிட்டதா? முக்கியச் சாட்சிகளுக்கு மாஜிஸ்திரேட் முன் பிரிவு 183 வாக்குமூலம் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 164) பதிவாகிவிட்டதா? சம்பவம் நடந்த ஊரை விட்டு வேறு ஊரில் தங்கிக் கையெழுத்துப் போடத் தயாரா? இந்த நான்கையும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

61-ஆம் நாளைத் தூங்கவிடுவது

எத்தனை முறை சொன்னாலும் நடந்துகொண்டே இருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 187(3), அதாவது பழைய 167(2)-இன்படி, குறித்த நாளுக்குள் சார்ஜ் ஷீட் வராவிட்டால் வழக்கு எவ்வளவு கொடூரமானதாக இருந்தாலும் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும். ஜாமீனைக் கடினமாக்கும் போதைப்பொருள் சட்டத்தின் பிரிவு 37 கூட இதற்குக் குறுக்கே வராது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதற்கு முன் சார்ஜ் ஷீட் உள்ளே போய்விட்டால் அந்த உரிமை போனது போனதுதான்.

முதல் சறுக்கல் எண்ணிக்கையில். கைதான நாளிலிருந்து எண்ணக் கூடாது, ரிமாண்ட் ஆன நாளிலிருந்து, அதாவது நீதிபதி காவலில் வைக்க உத்தரவிட்ட நாளிலிருந்து, எண்ண வேண்டும். ரிமாண்ட் நாளும் கணக்கில் சேரும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. மார்ச் 5 ரிமாண்ட் என்றால் மே 3 அறுபதாம் நாள். மே 4 காலையில் மனு தயாராக இருக்க வேண்டும். 90 நாள் வழக்கானால் ஜூன் 2-இல் கெடு முடியும், ஜூன் 3 உங்கள் நாள்.

இரண்டாவது, 60-ஆ 90-ஆ என்பது. மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரக்கூடிய குற்றங்களுக்கு 90, அதில் சந்தேகமில்லை. "பத்தாண்டு வரை" என்று மட்டும் தண்டனை உள்ள குற்றங்களில்தான் சிக்கல். குறைந்தபட்சத் தண்டனையே பத்தாண்டாக இருந்தால்தான் 90, இல்லாவிட்டால் 60 என்று ராகேஷ் குமார் பால் வழக்கில் 2017-இல் தீர்ப்பானது. புதிய சட்டத்தில் வாசகம் மாறியிருப்பதைக் காட்டி அரசுத் தரப்பு 90 கேட்கும். கேட்கட்டும். நீங்கள் 61-ஆம் நாள் ஒரு மனு போடுங்கள். தள்ளுபடியானால் 91-ஆம் நாள் இன்னொன்று. வணிக அளவு போதைப்பொருள் வழக்கில் கெடு 180 நாள். அதற்கு மேல் ஓராண்டு வரை நீட்டிக்க, விசாரணையின் முன்னேற்றத்தையும் காவல் ஏன் தேவை என்பதையும் காட்டும் பி.பி.யின் அறிக்கை வேண்டும், ஐ.ஓ.வின் (விசாரணை அதிகாரி) கடிதத்துக்கு மேலே ஒரு கவரிங் லெட்டர் வைத்தால் போதாது.

மூன்றாவதுதான் ஆளைக் கொல்வது: "ஹைகோர்ட்டில் பெயில் லிஸ்ட்டில் இருக்கிறது சார், அது முடியட்டும், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்." சென்னை போதைப்பொருள் சிறப்பு நீதிமன்றத்தில் 2019 பிப்ரவரி 1 அன்று நடந்ததைப் பாருங்கள். 180 நாள் முடிந்த மறுநாள் காலை 10.30-க்கு எதிரித் தரப்பு மனு போட்டது. அதன் மீது உத்தரவு வருவதற்கு முன்பே, அன்று மாலை வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் கூடுதல் புகாரை (இந்த வழக்கில் சார்ஜ் ஷீட்டின் இடத்தில் இருப்பது) தாக்கல் செய்தது. கீழ் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது, உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. மனு முந்தியது சில மணி நேரம்தான். ஆற அமர மறுநாள் வந்திருந்தால் பேச ஒன்றுமே இருந்திருக்காது.

வாய்மொழியாகக் கேட்டாலே போதும் என்று பால் வழக்கில் சொல்லப்பட்டிருப்பது உண்மை. அதை நம்பி வெறுங்கையோடு நிற்காதீர்கள். தாக்கல் செய்த நேரம் தெரியும்படி ஒப்புகை வாங்குங்கள். மனு ஒரு பக்கம் போதும்: ரிமாண்ட் தேதி, பிரிவு, உச்சத் தண்டனை, இன்று எத்தனையாவது நாள், சார்ஜ் ஷீட் வரவில்லை, ஷூரிட்டி (பிணையாள்) கொடுக்கத் தயார். கேஸின் மெரிட்ஸ் இதில் ஒரு வரிகூட வேண்டாம்.

உத்தரவு வந்த பிறகும் வேலை முடியாது. கொடுத்த அவகாசத்துக்குள் பாண்டு (பிணைப் பத்திரம்) கொடுக்காமல் இழுத்தடித்து, இடையில் சார்ஜ் ஷீட் வந்துவிட்டால் கைக்கு வந்தது நழுவிவிடும். இந்த வகை ஜாமீனுக்குப் பணம் கட்டச் சொல்லி நிபந்தனை வந்தால் எதிர்த்துப் போங்கள். உயர் நீதிமன்றம் விதித்த 8 லட்ச ரூபாய் டெபாசிட் நிபந்தனையை 2020-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியிருக்கிறது.

கஞ்சா என்றாலே 37 என்று பயப்படுவது

20 கிலோவுக்கு மேல் போனால்தான் வணிக அளவு. 8 கிலோ வழக்கில் பிரிவு 37-இன் இரட்டை நிபந்தனை (ஆள் குற்றவாளி அல்ல, வெளியே வந்தால் குற்றம் செய்ய மாட்டார் என்று நீதிமன்றம் நம்ப நியாயமான காரணம் வேண்டும் என்பது) வராது. 21, 22 கிலோ வழக்கென்றால் மகஜரை (பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய பதிவு) வரிவரியாகப் படியுங்கள்: எடை சாக்கோடு போட்டதா, தனியாகக் கிடந்த இலையும் விதையும் சேர்ந்ததா? சட்டத்தின் கண்ணில் பூவும் காயும் உள்ள நுனிப் பகுதிதான் கஞ்சா.

வன்கொடுமை வழக்கில் சாதா ஜாமீன் மனு

எஸ்.சி./எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கில் சிறப்பு நீதிமன்றம் மறுத்தால், அச்சட்டத்தின் 14ஏ(2)-இன்படி உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடுதான். 15ஏ(5)-இன்படி பாதிக்கப்பட்டவர் தரப்பையும் கேட்டாக வேண்டும்.

முந்தைய மனுக்களை மறைப்பது

கூடவே கூடாது.

குண்டாஸை மறந்துவிடுவது

ஜாமீன் மனு நிலுவையில் இருப்பதையே காட்டி, "வெளியே வரும் வாய்ப்பு உடனடியாக உள்ளது" என்று குண்டர் தடுப்புச் சட்டமான 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டத்தில் தடுப்புக்காவல் உத்தரவு போடுவது தமிழ்நாட்டில் வாடிக்கை. முன்வழக்குகள் உள்ளவருக்கு மனுப் போடும் முன் இதைக் குடும்பத்திடம் சொல்லிவிடுங்கள். உத்தரவு விழுந்துவிட்டால் ஜாமீன் கையில் இருந்தும் பயனில்லை. ஆட்கொணர்வு மனுவுக்குத்தான் போக வேண்டும்.

உத்தரவு வந்தபின் ஷூரிட்டி தேடுவது

மனுப் போடும் அன்றே இரண்டு பேரைப் பிடித்து வையுங்கள். போட்டோ, இடது பெருவிரல் ரேகை, ஆதார் அல்லது பாஸ்புக் நகல் கேட்பார்கள். ஒரு மாதமாகியும் ஷூரிட்டி கிடைக்காமல் ஆள் உள்ளேயே இருந்தால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தானாக நடக்கும் என்று காத்திருக்க வேண்டாம். தளர்த்தக் கேட்டு 31-ஆம் நாள் மனுப் போடுங்கள்.