‘எமர்ஜென்சி’ மாதிரிப் படத்துக்கு வந்த விமர்சனங்களைப் படிப்பது எப்படி?

2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. கங்கனா ரனாவத் இயக்கி, அவரே இந்திரா காந்தியாக நடித்த, 1975-77 அவசரநிலைக் காலத்தைப் பற்றிய ‘எமர்ஜென்சி’ அன்றைக்குத்தான் தியேட்டருக்கு வந்தது. சாயங்காலத்துக்குள் நான் ஏழெட்டு விமர்சனம் படித்துவிட்டேன், படித்து முடித்தபோது படம் எப்படி இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. ஒருவர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார், ஒருவர் தூக்கிப் போட்டு மிதிக்கிறார், நடுவில் ஒருவர் “நடிப்பு அபாரம், ஆனால்” என்று ஆரம்பித்து அந்த ‘ஆனால்’ மட்டும் ஐந்து பத்தி. யாரை நம்புவது?

ஒரு காதல் படமோ பேய்ப் படமோ என்றால் இந்தக் குழப்பம் கிடையாது. அரசியல் வரலாற்றுப் படம் என்று வந்துவிட்டால் எழுதுகிறவர் ஒரே நேரத்தில் மூன்று விஷயத்துக்கு மார்க் போடுகிறார்: படத்துக்கு, அது காட்டும் காலத்துக்கு, அதை எடுத்தவருக்கு. மூன்றையும் கலந்து கடைசியில் ஒரே ஸ்டார் கணக்காகக் கொடுத்துவிடுவார். அதைப் பிரித்து எடுக்கத்தான் இந்த வழி. நான் எல்லா இந்தி அரசியல் படத்துக்கும் இப்படித்தான் செய்கிறேன், அரை மணி நேர வேலை.

முதலில், விமர்சனத்தைத் தொடாதீர்கள். படம் வெளிவருவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். ‘எமர்ஜென்சி’க்கு என் தாளில் இருந்தது இது: 2023 நவம்பரில் வர வேண்டிய படம், தள்ளி 2024 ஜூன் 14 ஆனது, அதுவும் தள்ளிப்போனது. அந்த ஜூன் மாதத்தில்தான் கங்கனா இமாச்சலப் பிரதேசத்தின் மண்டி தொகுதியில் பாஜக எம்.பி. ஆனார். அடுத்து செப்டம்பர் 6 என்றார்கள். சீக்கியர்களைத் தவறாகக் காட்டியிருப்பதாக சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி உள்பட பல அமைப்புகள் எதிர்த்தன, சென்சார் சான்றிதழ் கைக்கு வரவில்லை, தயாரிப்பாளர் தரப்பு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது, சில வெட்டுகளுக்கு ஒப்புக்கொண்ட பிறகுதான் படம் வெளியே வந்தது. வந்த அன்றும் பஞ்சாபில் பல தியேட்டர்கள் திரையிடவில்லை.

இதை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், ஒரு காங்கிரஸ் பிரதமரைப் பற்றி ஒரு பாஜக எம்.பி. எடுத்த படம் என்று தெரிந்த நிமிடத்திலேயே பாதி விமர்சனம் மனசுக்குள் எழுதப்பட்டுவிடும். விமர்சகர்களைக் குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். அந்தப் பாதி எது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தத் தாள்.

சரி, இப்போது விமர்சனத்தை எடுங்கள். மூன்று கலர் பேனா இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஓரத்தில் ப, வ, அ என்று எழுதினால் போதும். படத்தைப் பற்றிய வாக்கியத்துக்கு ‘ப’, வரலாற்றைப் பற்றியதற்கு ‘வ’, எடுத்தவரின் அரசியலைப் பற்றியதற்கு ‘அ’. கேட்க எளிதாக இருக்கும், செய்ய ஆரம்பித்தால் தடுமாறுவீர்கள், ஏனென்றால் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பின்னிவிடுவார்கள். அப்போது நான் கேட்கும் கேள்வி இதுதான்: இந்த வாக்கியத்தை எழுத அவர் படம் பார்த்திருக்க வேண்டுமா?

“ஆளுங்கட்சிக்கு வேண்டியதைப் பேசும் படம்” என்ற வாக்கியத்தை டிரெய்லர் பார்த்தே எழுதலாம். “ஒவ்வொரு இந்தியனும் பார்க்க வேண்டிய படம்” என்பதை டிரெய்லர்கூடப் பார்க்காமல் எழுதலாம். ஆனால் “அவசரநிலை என்று பெயர் வைத்துவிட்டு, சின்ன வயதிலிருந்து 1984-ல் சுட்டுக் கொல்லப்படுவது வரை முழு வாழ்க்கையையும் ஓட்டுகிறார்கள், அதனால் அந்த 21 மாதங்களுக்கு மூச்சுவிட இடமில்லை” என்று ஒருவர் எழுதினால் அவர் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். அது ‘ப’. அந்த மாதிரி வாக்கியங்களை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். நான் கையில் வைத்திருந்த ஒரு நீளமான விமர்சனத்தில் இப்படிச் சல்லடை போட்டதும் கடைசியில் தேறியது நான்கே வாக்கியம்! மீதியெல்லாம் நாட்டு நடப்பு. நாட்டு நடப்பு எழுதக்கூடாது என்று சொல்லவில்லை, தாராளமாக எழுதட்டும், ஆனால் டிக்கெட் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய எனக்கு அது உதவாது.

அடுத்து, இதில்தான் நிஜமான பலன் இருக்கிறது. படத்தை எடுத்தவரின் அரசியலைப் பிடிக்காத ஒருவர் எழுதியதையும், அந்த அரசியலுக்கு அனுசரணையான ஒருவர் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இருவரும் எங்கே ஒத்துப்போகிறார்கள் என்று பாருங்கள். சண்டை போடும் இரண்டு பேர் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனால் அது பெரும்பாலும் படத்தில் இருக்கிற விஷயமாகத்தான் இருக்கும். ‘எமர்ஜென்சி’யில் அப்படி ஒத்துப்போனவை என்று பார்த்தால், திரைக்கதை ஒரு சம்பவத்திலிருந்து அடுத்த சம்பவத்துக்குத் தாவுகிறது, அசாம், வங்கதேசப் போர், அவசரநிலை, பஞ்சாப் என்று பாடப்புத்தகப் பக்கம் திருப்புகிற மாதிரி ஓடுகிறது என்பது ஒன்று. தலைவர்களே பாட ஆரம்பித்துவிடும் இடங்கள் பலருக்கும் ஜீரணமாகவில்லை என்பது இன்னொன்று (இசையமைத்தவர்களில் நம்ம ஜி.வி. பிரகாஷ்குமாரும் ஒருவர், பாட்டு மோசம் என்று இல்லை, இந்திராவை எதிர்த்து இயக்கம் நடத்திய ஜெயப்பிரகாஷ் நாராயணனும் (ஜெ.பி.) வாஜ்பாயும் வாயைத் திறந்து பாடுவதைப் பார்ப்பதில்தான் சிக்கல்). ஒப்பனை நன்றாக இருக்கிறது என்பதிலும் பெரிதாகச் சண்டை இல்லை. ‘டார்க்கஸ்ட் ஹவர்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய டேவிட் மாலினோவ்ஸ்கி செய்த வேலை அது, மூக்கைப் பார்த்தாலே தெரியும்.

எங்கே பிரிகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கங்கனாவின் நடிப்பில் பிரிந்தார்கள்: அந்தக் கீச்சுக் குரலையும் முகத்துடிப்பையும் சிலர் உயிர்கொடுத்த நடிப்பு என்றார்கள், சிலர் மிமிக்ரி என்றார்கள். அதைவிட சுவாரசியமான பிரிவு ஒன்று உண்டு. இந்திராவை வில்லியாகக் காட்டப்போகிறார் என்று எதிர்பார்த்துப் போன இரண்டு தரப்புக்குமே படம் ஏமாற்றம் கொடுத்தது, ஏனென்றால் பழியில் பெரும்பங்கு மகன் சஞ்சய் மேல் போய்விடுகிறது, இந்திராவுக்குப் பரிதாபமும் குற்ற உணர்ச்சியும் மிஞ்சுகிறது. இது படத்தின் பலமா, அரசியல் நழுவலா என்று விமர்சகர்கள் எழுதிய பத்திகள்தான் எனக்கு அன்றைக்குப் படித்ததில் பிடித்தவை. அந்த இடத்தில் ‘ப’, ‘வ’, ‘அ’ மூன்றும் உண்மையிலேயே ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், பிரிக்கப் பார்க்காதீர்கள்.

இப்போது ‘வ’ போட்ட வாக்கியங்கள். “வரலாற்றைத் திரித்துவிட்டார்கள்” என்று எழுதுகிறவர் எந்த இடத்தில், எப்படி என்று சொல்கிறாரா பாருங்கள். சொல்லவில்லை என்றால் அடித்துவிடலாம். சொன்னால் நீங்களே போய்ச் சரிபாருங்கள், கஷ்டமில்லை. ஒரு உதாரணம்: “இந்திராதான் இந்தியா, இந்தியாதான் இந்திரா” என்ற வசனத்தை டிரெய்லரில் இந்திராவே பேசுகிறார். நிஜத்தில் அது அன்றைய காங்கிரஸ் தலைவர் தேவ் காந்த் பரூவா சொன்னது. ஒரு ஜால்ராவின் வாக்கியத்தைத் தூக்கித் தலைவியின் வாயில் வைத்தால் அர்த்தமே மாறிவிடுகிறது, முன்னது கட்சியின் அடிமைத்தனம், பின்னது ஒருத்தியின் அகங்காரம். இதைக் கவனித்து எழுதிய விமர்சகர் இருந்தால் அவர் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படத்துக்கும் அவரிடம் போகலாம்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. கேபினட் கூட்டம் இல்லாமலே அவசரநிலைக்குக் கையெழுத்து வாங்கப்படுவதைத் திரையில் பார்த்தால் சினிமாவுக்காகச் செய்தது என்றுதான் தோன்றும். அது அப்படியே நடந்தது. 1975 ஜூன் 12-ல் இந்திராவின் தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது கையெழுத்துப் போடுகிறார், அமைச்சரவைக்கு மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் தெரிவிக்கிறார்கள். அந்த 25-ஆம் தேதி ராம்லீலா மைதானத்தில் ஜெ.பி. பேசியபோது எடுத்துச் சொன்ன “சிம்மாசனத்தைக் காலி செய், மக்கள் வருகிறார்கள்” என்ற கவிஞர் தின்கரின் வரிதான் படத்தில் ஒரு பாட்டின் பல்லவியாக வருகிறது. இது தெரியாமல் ‘வெற்றுக் கோஷம்’ என்று ஒருவர் எழுதினால், பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் எழுதியவரைப் பற்றி ஒன்று தெரிகிறது.

சரிபார்க்க எங்கே போவது? அவசரநிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷனின் அறிக்கை இருக்கிறது. 1978-ல் வந்த அறிக்கை பிற்பாடு எங்கேயும் கிடைக்காமல் போய், நம்ம முன்னாள் எம்.பி. இரா. செழியன்தான் தன்னிடம் இருந்த பிரதியை வைத்து 2010-ல் மறுபடியும் புத்தகமாகக் கொண்டுவந்தார். முழுக்கப் படிக்க வேண்டியதில்லை, வேண்டிய பகுதியைப் புரட்டினால் போதும்.

இங்கே நாம் நம்மையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வடநாட்டு விமர்சகருக்கு எமர்ஜென்சி என்றால் டெல்லி துர்க்மான் கேட்டில் இடித்த வீடுகள், கட்டாயக் கருத்தடை. நமக்கு 1976 ஜனவரி 31, கலைஞர் ஆட்சிக் கலைப்பு, மிசா சட்டத்தில் கைதுகள், சென்னைச் சிறையில் விழுந்த அடி, திமுக எம்.பி. சிட்டிபாபுவின் சாவு. இது படத்தில் எவ்வளவு இருக்கிறது என்று தேடிக்கொண்டே பார்த்தால் எந்த இந்திப் படமும் நமக்குத் தேறாது. அந்தக் கோபம் நியாயம்தான், ஆனால் அதற்கும் ஓரத்தில் ‘வ’ என்றுதான் போட வேண்டும். எங்கள் பெரியப்பா இன்னொரு ரகம், “எமர்ஜென்சியில் ரயில் நேரத்துக்கு வந்தது” என்பதைத் தாண்டி அவரிடம் எந்த விமர்சனமும் எடுபடாது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவரோடு சேர்ந்து படம் பார்க்காதீர்கள்.

ரேட்டிங் தளங்களில் பொதுமக்கள் போடும் மார்க்கை இந்த வகைப் படத்துக்கு நான் பார்ப்பதே இல்லை. பத்துக்குப் பத்து, பத்துக்கு ஒன்று, நடுவில் ஆளே இருக்க மாட்டார்கள். வசூலும் அப்படித்தான், ‘எமர்ஜென்சி’ தியேட்டரில் ஓடவில்லை என்பது உண்மை, அதை வைத்து மக்கள் இந்த அரசியலை நிராகரித்துவிட்டார்கள் என்று எழுதுவது அவசரம். இந்தி யூடியூப் விமர்சனம் புரியவில்லை என்றால் சப்டைட்டிலைத் தமிழில் போட்டுக்கொள்ளலாம், கிண்டல் மட்டும் மொழிபெயர்ப்பில் பாராட்டாக மாறிவிடும், ஜாக்கிரதை.

முடிந்தால் இன்னொன்று செய்யுங்கள்: அதே காலத்தைப் பற்றிய பழைய படம் ஒன்றின் வரவேற்பைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதுர் பண்டார்கரின் ‘இந்து சர்க்கார்’ 2017 ஜூலையில் வந்தது. அதற்கும் காங்கிரஸ்காரர்கள் போராட்டம், சென்சாரில் வெட்டு, நீதிமன்றம் எல்லாம் நடந்தது. விமர்சனங்களில் மிஞ்சியது திக்கித் திக்கிப் பேசும் கவிஞராக நடித்த கீர்த்தி குல்ஹாரியின் நடிப்புதான், படம் மேலோட்டம் என்று பலர் எழுதினார்கள். சுதிர் மிஷ்ராவின் ‘ஹசாரோன் க்வாயிஷேன் ஐசி’ 2005-ல் தியேட்டருக்கு வந்தபோது இந்தச் சத்தம் எதுவும் இல்லை. அதில் பெரிய தலைவர் யாரும் கதாநாயகர் கிடையாது, மூன்று கல்லூரி நண்பர்கள், நக்சல் காலம், பிறகு எமர்ஜென்சி அவர்கள் மேல் வந்து விழுகிறது. இன்றைக்கும் அந்தக் காலத்தைப் பற்றிய படம் என்றால் விமர்சகர்கள் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். அம்ரித் நாஹட்டாவின் ‘கிஸ்ஸா குர்சி கா’ கதை இன்னும் விசேஷம், எமர்ஜென்சியின்போது பிரிண்டையே எரித்துவிட்டார்கள், 1978-ல் திரும்ப எடுத்து வெளியிட்டார்கள். எரிக்கப்பட்ட படம் என்ற பெயரோடு வரும் ஒன்றை வெறும் படமாக யாரால் பார்க்க முடியும்?

இந்த ஒப்பீட்டில் எனக்குப் பட்டது, உண்மைத் தலைவரின் முகத்தை ஒட்டிவைத்து எடுத்தால் விமர்சனம் முகத்தைப் பற்றியே இருக்கும், முகமில்லாத சாதாரண ஆட்களை வைத்து எடுத்தால் காலத்தைப் பற்றி எழுதுவார்கள். கங்கனா இதற்கு முன் ‘தலைவி’யில் ஜெயலலிதாவாக நடித்தபோது நாம் என்ன பேசினோம் என்று யோசித்துப் பாருங்கள். முகம், எடை, நடை. வேறென்ன?

கடைசியாக, படத்தை நீங்களே பார்த்துவிட்டு நாலு வரி எழுதுங்கள், ஒவ்வொரு வரிக்கும் ப, வ, அ போடுங்கள். நான் மார்ச்சில் ஓடிடியில் வந்தபோது பார்த்து எழுதியது இது: முகம் நம்ப வைக்கிறது (ப). நடிகர் சதீஷ் கௌசிக்கை இந்திராவின் அமைச்சர் ஜெகஜீவன் ராமாகப் பார்த்ததும் அவர் உயிரோடு இல்லை என்பது ஞாபகம் வந்து ஒரு நிமிடம் படத்தை விட்டு வெளியே போய்விட்டேன் (எதுவும் இல்லை). சஞ்சய் மேல் இவ்வளவு சுமத்தினால் கையெழுத்து யார் போட்டது என்ற கேள்வி காணாமல் போகிறது (வ, அ). பாட்டு வந்தபோது எழுந்துபோய் டீ போட்டேன் (ப).