மலர்க் காட்சியில் வாங்கிய ஆர்க்கிட்டின் பெயர் சரிதானா? வீட்டிலேயே பார்க்கும் முறை

ஜனவரியிலும் ஆகஸ்டிலும் பெங்களூர் லால்பாக் மலர்க் காட்சிக்குப் போகிற நம்மவர்கள் பலர், அல்சூரோ ஸ்ரீராமபுரமோ, கையில் ஒரு ஆர்க்கிட் தொட்டியோடுதான் வீடு திரும்புகிறார்கள். தொட்டியில் செருகிய பிளாஸ்டிக் பட்டையில் ஒரு பெயர் இருக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது. அந்தப் பெயர் சரியா என்று பெரிய கருவிகள் இல்லாமலே ஓரளவு சோதித்துவிடலாம்.

பூத்தால் போதாதா, பெயர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: தண்ணீர்க் கணக்கே அதில்தான் இருக்கிறது. டென்ட்ரோபியம் நொபிலேவுக்குக் குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைத்தால்தான் நன்றாக மொட்டுக் கட்டும். பெங்களூரின் டிசம்பர் குளிர் அதற்குத் தோது. கடைகளில் அதிகம் கிடைக்கும் சோனியா வகை டென்ட்ரோபியத்துக்கு அந்தக் குளிரும் தண்ணீர்க் குறைப்பும் ஒத்துக்கொள்ளாது. இரண்டின் பட்டையிலும் வெறும் ‘டென்ட்ரோபியம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் என்ன செய்வீர்கள்?

முதலில் பட்டை

முதல் சொல் பேரினம். அடுத்த சொல் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தொடங்கினால் இயற்கையான சிற்றினம். பெரிய எழுத்தில் தொடங்கினால் மனிதர் உண்டாக்கிய கலப்பினம். ஒற்றை மேற்கோள் குறிக்குள் இருப்பது, அதில் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ஒரு தனி வகை. நர்சரிக்காரர்கள் எல்லாவற்றையும் பெரிய எழுத்திலேயே எழுதித் தள்ளுவதும் உண்டு, அதனால் இதோடு நிறுத்தாதீர்கள். கலப்பினப் பெயர்களை 1961 முதல் பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி பதிவு செய்துவருகிறது. அந்தப் பதிவேட்டை இணையத்தில் தேடினால் செடியின் தாய் தகப்பன் தெரிந்துவிடும். சிற்றினமென்றால் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தின் தளத்தில் பாருங்கள். பெயர்கள் மாறுவதும் உண்டு: லேலியா பர்ப்புராட்டா இப்போது கேட்லியா பர்ப்புராட்டா. அஸ்கோசென்ட்ரம் எல்லாம் வாண்டாவுக்குள் போய்விட்டது. பட்டையில் பழைய பெயர் இருப்பதாலேயே விற்றவர் ஏமாற்றினார் என்று ஆகிவிடாது.

சூப்பர் மார்க்கெட்டில் பட்டையில்லாமல் விற்கும் ஃபெலனாப்சிஸ்மீது நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அநேகமாக எல்லாமே பல தலைமுறைக் கலப்பு. பூவைப் பார்த்து அதன் பெற்றோரைச் சொல்ல யாராலும் முடியாது. அடர் நீலத்தில் இருந்தால் சாயம் ஏற்றியது, அடுத்த முறை வெள்ளையாகத்தான் பூக்கும்.

அப்புறம் செடி

தண்டு ஒன்றே மேலே மேலே வளர்கிறதா (வாண்டா, ஏரிடிஸ், ஃபெலனாப்சிஸ்), பக்கத்தில் புதுப்புதுத் தண்டாகக் கிளைக்கிறதா (டென்ட்ரோபியம், கேட்லியா, ஆன்சிடியம்)? பட்டை ஒன்று சொல்லி, வளர்ச்சி வேறொன்று சொன்னால் பட்டைதான் பொய்.

பூ வந்ததும்

போன் செயலியில் படத்தைக் காட்டிப் பெயர் வாங்குவது பலருக்குப் பழக்கம். படம் பார்க்கும் செயலி நிறத்துக்கு மயங்கிவிடும். ஆர்க்கிட்டில் நம்பத் தகாததே நிறம்தான், ஒரே சிற்றினத்தில் வெள்ளையும் வரும், இளஞ்சிவப்பும் வரும். நம்ப வேண்டியது உதடு, அதாவது மற்ற இதழ்களைப் போலில்லாமல் தனியாக உருமாறியிருக்கும் அந்த ஒரு இதழ்.

பூவை முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என மூன்று கோணங்களில், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். பிறகு மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஒரு பூவைக் கிள்ளுங்கள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) ஒன்று இருந்தால் நல்லது. பூவின் நடுவில் குட்டையான தூண் ஒன்று இருக்கும். அதன் நுனியில் தொப்பி மாதிரி ஒரு மூடி. பல் குத்தும் குச்சியை அதன் அடியில் கொடுத்து மெல்ல மேலே நெம்பினால் மூடி கழன்று, மஞ்சளாக மெழுகு உருண்டைகள் வெளியே வரும். இவைதான் பொலினியா, அதாவது மகரந்த உருண்டைகள். எண்ணுங்கள்: வாண்டாவிலும் ஆன்சிடியத்திலும் இரண்டு, டென்ட்ரோபியத்திலும் கேட்லியாவிலும் நான்கு, எரியாவில் எட்டு. வாண்டாவின் உருண்டைகள் ஒரு சிறு காம்பில் ஏறி, அடியில் பசையோடு இருப்பதால் குச்சியில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். டென்ட்ரோபியத்தில் காம்பு கிடையாது, உருண்டைகள் தனியாக உதிர்ந்து தரையில் போய்விடும். அதனால் வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் வைத்துச் செய்யுங்கள்.

கர்நாடகத்தின் மலைநாட்டுப் பக்கம் சீதாளெ என்று சொல்லி விற்கும் செடிகளில் குழப்பம் அதிகம். ரின்கோஸ்டைலிஸ் ரெட்டூசாவும் சில ஏரிடிஸ்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில், மழை தொடங்கும் சமயத்தில், இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகச் சரம்சரமாகப் பூக்கும். பொலினியாவும் இரண்டிலும் இரண்டுதான். பூவைப் பக்கவாட்டில் திருப்புங்கள். உதட்டின் அடியில் உள்ள தேன்குழல் கொம்பு மாதிரி முன்பக்கம் வளைந்திருந்தால் ஏரிடிஸ். இரு பக்கமும் அமுங்கிய பை போலப் பின்னோக்கி இருந்தால் ரின்கோஸ்டைலிஸ். காட்டிலிருந்து பெயர்த்து வந்ததாகத் தெரிந்தால், பெயர் எவ்வளவு சரியாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

‘வாண்டா சீருலியா’ என்று விற்கும் நீலப் பூவையும் இப்படியே சோதியுங்கள். வடகிழக்கின் உண்மையான சீருலியாவில் பக்க இதழ்கள் அடியில் முறுக்கிக்கொண்டு முதுகைக் காட்டும். வட்டமாக, தட்டையாக, இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் அது கலப்பினமாகத்தான் இருக்கும். 1931இல் பதிவான வாண்டா ராத்ஸ்சைல்டியானா, சீருலியாவுக்கும் சாண்டெரியானா என்ற இன்னொரு வாண்டாவுக்கும் பிறந்தது. அந்த வழியில் வந்த பிள்ளைகள் சந்தையில் ஏராளம்.

ஒப்பிடுவது

மேற்குத் தொடர்ச்சி மலைச் சிற்றினமாகத் தோன்றினால் இந்திய அறிவியல் கழகத்தின் உலர்தாவரத் தொகுப்பைச் சார்ந்த கர்நாடகத் தாவர இணையத் தொகுப்பு கைகொடுக்கும். அங்குள்ள படத்தோடு மட்டும் ஒப்பிடாமல், விளக்கத்தை ஒவ்வொரு வரியாக உங்கள் பூவோடு வைத்துப் பாருங்கள். ஒரு அடையாளம் பொருந்தாவிட்டாலும் சந்தேகப்படுங்கள். இன்னும் பிடிபடவில்லையா? ஒரு பூவை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் போட்டு வைத்துத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஸ்பிரிட்டில் நிறம் போய்விடும், படம் முன்பே எடுத்திருக்க வேண்டும்.

மரபணுச் சோதனை செய்தால் தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். வழக்கமாகப் பார்க்கும் மேட்-கே, ஆர்பிசி-எல் போன்ற பசுங்கணிக (பச்சையம் இருக்கும் செல் உறுப்பு) மரபணுக் குறிகள் ஆர்க்கிட்டில் தாய்வழி வருபவை. கலப்பினத்தைக் கொடுத்தால் தாயின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும்.

சரி, முடிவு கிடைத்ததும் புதுப் பட்டை எழுதுங்கள். சிற்றினம் உறுதியாகாவிட்டால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மார்க்கர் மை நம் ஊர் வெயிலில் வெளுத்துவிடும். பழைய பட்டையைத் தூக்கி எறியாமல் அதே தொட்டியில் பின்பக்கம் செருகி வையுங்கள், கலப்பினமாக இருந்தால் அதன் வம்சத்துக்கு வேறு சாட்சி கிடையாது.