வேலையாகப் போகும் வழியில் கதை சொல்லும் புகைப்படங்கள்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலமலை வரை

அலுவல் நிமித்தம் ஒரே பாதையில் அடிக்கடி போய்வருபவர்கள், படம் எடுக்க நேரமே வாய்ப்பதில்லை என்று வருந்துவது வழக்கம். ஆனால், பார்த்த இடத்தையும் பார்த்த மனிதரையும் மறுபடி மறுபடி பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குத்தான் இருக்கிறது. சுற்றுலாப் பயணிக்கு அது கிடைப்பதில்லை. புகைப்படங்களால் கதை சொல்லப் பழகுகிறவருக்கு விலையுயர்ந்த கேமராவைவிட இதுவே பெரிய மூலதனம் என்பது என் உறுதியான எண்ணம். தேனி மாவட்டத்திலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைச்சாலைகளின் வழியாக கேரளத்தின் இடுக்கிக்குச் செல்லும் வங்கி அலுவலர், மருந்துப் பிரதிநிதி, உர விற்பனையாளர் போன்றோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். லோயர்கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபம், மலைச்சரிவில் இறங்கும் மின்நிலையக் குழாய்கள், வளைவுகளில் தவழும் பனிமூட்டம், சித்ரா பௌர்ணமியன்று மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஏறும் கூட்டம் என்று வழியெங்கும் அழகிய காட்சிகள் உண்டு. அவற்றை எடுப்பதில் தவறில்லை என்றாலும், தனித்தனியே நிற்கும் அந்தப் படங்களை எத்தனை சேர்த்து வைத்தாலும் அவை கதையாவதில்லை. மனிதர்கள் இருக்க வேண்டும். ஒரு வேலை தொடங்கி, மாறி, முடிய வேண்டும். இந்த எல்லைப்பகுதியில் அத்தகைய பொருளுக்கு ஏலக்காயைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. விடியுமுன் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஜீப் ஏறும் பெண்கள், மலைமேல் காய் எடுப்பு, மாலையில் எடை போடுதல், ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்தில் இரவு முழுதும் உலர்த்துதல், தரம் பிரித்தல், இறுதியாக இடுக்கியின் புற்றடியிலும் தேனியின் போடிநாயக்கனூரிலும் நடக்கும் ஸ்பைசஸ் போர்டின் (நறுமணப் பொருள் வாரியத்தின்) மின்னணு ஏலம் என்று அந்தச் சங்கிலி எல்லையைத் தாண்டிப் போய் மீண்டும் இங்கேயே திரும்புகிறது. ஒரு பயணத்துக்கு ஒரு கண்ணி என்று வைத்துக்கொண்டால், வேலையைக் கெடுக்காமலே முழுச் சங்கிலியையும் எடுத்துவிடலாம்.

ஜீப்புகள் புறப்படும் நேரம் இருட்டாக இருக்கும். ஃபிளாஷ் போடக் கூடாது. அது முகங்களைக் கூசவைப்பதோடு, அந்த வேளையின் இயல்பையும் அழித்துவிடும். தேநீர்க் கடையின் விளக்குப் படும் இடத்தில் நின்று, ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்திறனை, 3200 வரை உயர்த்தி, ஷட்டர் வேகத்தை நொடியில் 60இல் ஒரு பங்காக வைத்தால், தூக்குவாளியும் தலைத்துண்டுமாக நிற்பவர்களை ஓரளவு தெளிவாகவே எடுக்க முடியும். கைப்பேசியில் எடுப்பவர் அதைத் தூணிலோ சுவரிலோ சாய்த்துப் பிடித்து, திரையில் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் கைப்பேசிகள் இரவைப் பகல்போல் காட்ட முனைகின்றன. கிழக்கே மேகமலையும் மேற்கே ஏலமலையும் நிற்பதால், பள்ளத்தாக்கில் நேர்வெயில் தாமதமாக வந்து சீக்கிரமே போய்விடும். எனவே மாலை ஒளியை நம்பித் திட்டமிடுவதைவிட, கிழக்கு நோக்கிய மலைச்சரிவின்மேல் காலை வெயில் ஏறும் பொழுதைப் பயன்படுத்துவது நல்லது.

தோட்டத்துக்குள் நிலைமை வேறு. ஏலச்செடியின் காய்க்கொத்துகள் அடித்தூரிலிருந்து புறப்பட்டுத் தரையை ஒட்டிப் படர்வதால், காய் எடுப்பவர்கள் குனிந்தும் குந்தியுமே வேலை செய்கிறார்கள். நின்றபடி எடுத்தால் முதுகும் தலைத்துண்டும்தான் கிடைக்கும். நாமும் குந்தி உட்கார்ந்து, 35 மில்லிமீட்டர் போன்ற அகலமான லென்ஸுடன் நெருங்கினால்தான் முகமும் கையும் காயும் ஒரே சட்டத்துக்குள் வரும். மரநிழலில் இலைகளின் பச்சை தோலின்மேல் படிவதால், கேமரா பதிவுசெய்ததை மாற்றாமல் வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்துப் பின்னர் நிறத்தைச் சரிசெய்வது நல்லது. ஸ்டோரில் கவனிக்க வேண்டியது மாற்றம். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்து 1 கிலோவாகிறது. ஒரே தட்டை உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் ஒரே கோணத்தில் எடுத்த இரு படங்கள், நீண்ட விளக்கத்தைத் தேவையற்றதாக்கும்.

அனுமதி பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கடன் ஆய்வுக்கோ விற்பனைக்கோ வந்தவர் என்பதால் நமக்குத் திறக்கும் கதவு, நம் வேலைக்காகத் திறந்ததே ஒழியக் கேமராவுக்காக அன்று. ஆகவே முதலாளியிடம் தனியாகவும், தொழிலாளியிடம் தனியாகவும் கேட்க வேண்டும். முதலாளி சம்மதித்தார் என்பதாலேயே காய் எடுக்கும் அக்காவும் சம்மதித்ததாகாது. மலையாளம் பேசுவோரிடம் ‘சேச்சி, ஒரு ஃபோட்டோ எடுத்தோட்டே?’ என்று கேட்டால் போதும். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப்பின் எண் பலகை தெரியும் படம் ஓட்டுநரின் பிழைப்பையும், அந்த வண்டியை நம்பியிருக்கும் பெண்களின் கூலியையும் பாதிக்கக்கூடும் என்பதால், அதை வெளியிடுமுன் பலமுறை யோசிக்க வேண்டும். வனப்பகுதி, அணை, சோதனைச்சாவடி ஆகிய இடங்களில் உரியவர்களின் அனுமதியின்றி எடுக்கவே கூடாது. அடுத்த முறை போகும்போது, சென்ற முறை எடுத்த படங்களை 4×6 அளவில் அச்சிட்டு உரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள். அதைக் கடனைத் தீர்ப்பதுபோல் தவறாமல் செய்கிறவருக்கு மூன்றாம் முறை யாரும் கேமராவைப் பார்த்து விறைத்து நிற்பதில்லை.

கருவிகளைப் பொறுத்தவரை ஒரு கேமரா, ஒரு லென்ஸ், மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போதும். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஈரம் படியும் என்பதால், சிறிது நேரம் பையிலேயே வைத்திருந்து எடுப்பது நல்லது.

பெயர், ஊர், நாள், சொன்ன ஒரு வாக்கியம் ஆகியவற்றை அன்றிரவே குறித்துவைக்க வேண்டும். குறிப்பில்லாத முகம் சில மாதங்களில் அடையாளமற்றுப் போகும். படங்களைக் கோக்கும்போது பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். இடத்தைக் காட்டும் தூரப் படம், வேலையைக் காட்டும் நடுத்தரப் படம், கறை படிந்த விரல்கள் போன்ற நெருக்கப் படம், கண்ணோடு கண் நோக்கும் முகம் என்று வகைகள் கலந்திருக்க வேண்டும். அழகாக இருந்தும் கதையை நகர்த்தாத படத்தை நீக்கிவிடத் தயங்கக் கூடாது. எந்தக் கண்ணிக்குப் படம் இல்லை என்று பார்த்து, அதையே அடுத்த பயணத்தின் வேலையாக எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

காய் எடுப்பு பெரும்பாலும் ஆகஸ்டிலிருந்து பிப்ரவரி வரை நடப்பதால், பலர் அத்துடன் கதை முடிந்ததாகக் கருதிவிடுகிறார்கள். மார்ச் முதல் மே வரையிலான வெயில் மாதங்களில் செடிக்கு நீர் பாய்ச்சுவதும், மழைக்கு முன் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பதும் நடக்கின்றன. விடியற்காலை ஜீப்பில் ஏறியவர்களில் யாருக்கு அப்போதும் மலைமேல் வேலை இருக்கிறது, யார் கீழே கம்பத்துத் திராட்சைத் தோட்டங்களுக்குப் போகிறார்கள், யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று கேட்டறிந்து, அங்கும் அனுமதியுடன் சென்று எடுத்து, அந்தப் படங்களையும் அறுவடைப் படங்களோடு சேர்த்துக் கோக்க வேண்டும்.