பன்னிரண்டு கல்லூரி அணிகளைப் பிரித்துச் சாம்பியனைத் தீர்மானிப்பது எப்படி?

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையின் இருபுறமும் உள்ள 12 கல்லூரிகள் சேர்ந்து கால்பந்துத் தொடர் நடத்த விரும்பினால், மார்த்தாண்டம், தூத்தூர் பக்கத்து அணிகளை ஒரு பிரிவாகவும், பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்து அணிகளை மற்றொன்றாகவும் வைக்கவே முதலில் தோன்றும். பேருந்துச் செலவும் குறையும். ஆனால் வலுவான அணிகள் எல்லாம் ஒரே பிரிவில் அடைபட்டால் இறுதியாட்டம் சப்பென்று போய்விடும். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (அது பெரும்பாலும் கையால் ஆடும் வேறு விளையாட்டு என்றாலும் கணக்கு ஒன்றுதான்) பிக் டென் என்ற பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பு கிழக்கு, மேற்கு எனப் பிரிந்திருந்த 2014 முதல் 2023 வரையிலான 10 இறுதியாட்டங்களிலும் கிழக்குப் பிரிவே வென்றது. 2024இல் பிரிவுகளையே கைவிட்டுவிட்டார்கள்.

எனவே சென்ற ஆண்டின் முதல் நான்கு அணிகளைப் பிரிவுக்கு இரண்டாக நிறுத்திய பிறகு, மற்றவற்றை ஊர் பார்த்துப் பிரியுங்கள். பிரிவுக்கு 6 அணிகள் என்றால் 30 ஆட்டங்களும் ஓர் இறுதியாட்டமும் போதும். எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதினால் 66 ஆகும், இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன் முடிப்பது கடினம்.

புள்ளிகள் சமமானால், அவ்விரு அணிகளும் நேருக்கு நேர் ஆடியதன் முடிவையே முதலில் பாருங்கள். கோல் வித்தியாசத்தை முதலில் வைத்தால், மழைச் சேற்றில் ஏற்கெனவே சோர்ந்து நிற்கும் அணிக்கு எதிராக ஒன்பதாவது கோலையும் அடிக்க நாமே தூண்டியதாகும். மூன்று அணிகள் சமமாக நின்றால், அவை தமக்குள் ஆடிய ஆட்டங்களின் புள்ளிகளையும், அதற்குப் பிறகே கோல் வித்தியாசத்தையும் கணக்கிடுங்கள். இவ்விதிகளை முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதி, அணித் தலைவர்கள் அனைவரிடமும் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.