கிரேடு 3ன்னா ஸ்டேஜ் 3 இல்லீங்க

சித்தப்பாவுக்கு மூக்குல கேன்சர்னு வந்த பயாப்ஸி (சதைத் துண்டு டெஸ்ட்) ரிப்போர்ட்ல கிரேடு 3ன்னு இருந்துச்சு, சித்தி அதை ஸ்டேஜ் 3ன்னு நெனச்சுக்கிட்டு ஆம்பூர்ல பஸ் ஏறுனவங்க வேலூர் வர்ற வரைக்கும் அழுதுட்டே வந்தாங்க. நிறைய பேர் பண்ற தப்பு இது.

கிரேடுன்றது மைக்ராஸ்கோப்ல பார்க்கறப்ப செல்லு எவ்ளோ உருமாறிக் கெடக்குன்றது. ஸ்டேஜுன்றது கட்டி எதுவரைக்கும் போயிருக்கு, கண்ணுக்குழியா, மூளைப் பக்கமா, கழுத்துல நெறி கட்டியிருக்கான்றது, அதுக்கு ஸ்கேன் வேணும். அப்புறம் 'பூர்லி டிஃபரன்ஷியேட்டட்'னு பார்த்துட்டு பூர்னு போட்டுட்டாங்களேன்னு ஒடஞ்சு போயிடாதீங்க, செல்லு பழைய ஜாடையே இல்லாம மாறிடுச்சு, வேகமா வளரலாம்னு அர்த்தம், அவ்ளோதான்.

பக்கத்து வீட்டுக்காரர் ரிப்போர்ட்டோட ஒப்பிடறது அடுத்த தப்பு. மூக்கு, சைனஸ்ல வர்றது ஒரே கேன்சர் இல்ல. உள்பக்கத் தோல் மாதிரி செல்லுல வர்ற ஸ்குவாமஸ்தான் அதிகம். வாசனை நரம்புக்கிட்ட வர்ற ஆல்ஃபாக்டரி நியூரோபிளாஸ்டோமாவுக்கு ஹையம்ஸ்னு 1ல இருந்து 4 வரைக்கும் தனி கிரேடு, கேடிஷ்னு 1976ல வந்த ஏ, பி, சி ஸ்டேஜ் தனி. மூக்குக்குள்ள நிறமிச் செல்லுல வர்ற மெலனோமாவுக்கு, கட்டி சின்னதா இருந்தாலும் ஸ்டேஜ்ல கட்டிக்குப் போடற T நம்பரே 3ல இருந்துதான் ஆரம்பிக்கும், இது தெரியாம பயந்துக்கறவங்க எத்தனை பேரோ. சின்னச் சுரப்பிகள்ல வர்ற அடினாய்டு சிஸ்டிக் கேன்சர் இருக்கே, அது நரம்பு வழியா மெதுவா ஊர்ந்து 10 வருஷம் கழிச்சும் திரும்பி வரலாம், அதனால 5 வருஷம் தாண்டிட்டோம்னு செக்கப்பை நிறுத்திடாதீங்க. இத்தனை பேர் பொழைப்பாங்கன்னு நெட்ல போடற சதவீதம் எல்லாரையும் சேர்த்துப் போட்ட கணக்கு, உங்க ஆளோட கணக்கு இல்ல.

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒண்ணு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடின்னு டேனரில, ஷூ கம்பெனில பஃபிங் (தோலைத் தேய்ச்சு மெருகேத்தறது) தூசி குடிச்சவங்க இருப்பாங்க, மரத்தூள்ல வேலை பார்த்தவங்களும் இருப்பாங்க, விட்டு 20 வருஷம் ஆனாலும் டாக்டர்கிட்ட சொல்லிடணும். உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஏஜென்சி தோல் தூசி, மரத்தூள் ரெண்டையும் கேன்சர் வரவைக்கும்னு உறுதியான முதல் குரூப்புலயே வச்சிருக்கு, அதுல குறிப்பா மூக்குல சுரப்பிச் செல்லுல வர்ற அடினோகார்சினோமாவோட சம்பந்தம் ஜாஸ்தி.

சித்தப்பா ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு, அப்பப்ப ரத்தம்னு இருந்ததை சளின்னு 6 மாசம் மாத்திரையிலயே ஓட்டுனாரு. கன்னம் மரத்துப் போறது, மேல் பல்லு ஆடறதுன்னா இன்னும் சீக்கிரமா காட்டணும்.

இந்தக் கட்டிங்க அபூர்வம்ன்றதால ரெண்டாவதா இன்னொரு ஆஸ்பத்திரில பார்க்கறப்ப கேன்சர் டைப்பே வேறன்னு வரலாம். போறப்ப ரிப்போர்ட் ஜெராக்ஸ் மட்டும் பத்தாது, மைக்ராஸ்கோப்ல பார்த்த ஸ்லைடையும், சதைத் துண்டை மெழுகுல பதிச்சு வச்ச பிளாக்கையும் கேட்டு வாங்கிட்டுப் போங்க.